கனி ஏன் பழுக்கிறது?



சென்ற விடுமுறையில் ஒரு நாள் அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். “அம்மா, இதுவும் ஒரு கனிதான்” என்றேன். அம்மா சிரித்துவிட்டு, “அப்படியானால் இன்றைக்குப் பழப் பொரியலா?” என்று கேட்டார்கள். ஆனால் தாவரவியல் என் கட்சிதான்! வெண்டை, கத்தரி, தக்காளி, முருங்கை, பூசணி ஆகிய அனைத்தும் கனிகளே.

எப்படி என்கிறீர்களா? மலரின் நடுவே சூலகம் இருக்கிறது. அதற்குள் சூல்கள் இருக்கின்றன. மகரந்தச் சேர்க்கை நடந்து, சூல் கருவுற்றதும் இதழ்கள் வாடி உதிர்கின்றன. பின்பு சூல் விதையாகிறது, சூலகம் கனியாகிறது. ஆகவே, சமையலறையில் காய் என்று பெயர் பெற்றாலும், சூலகம் வளர்ந்து விதையைத் தாங்கி நிற்பது கனியே ஆகும்.

கனிகளை மூன்று பெரும் பிரிவுகளாகப் பிரிப்பர். ஒரு மலரின் ஒரே சூலகத்திலிருந்து உண்டாவது தனிக்கனி. மா, தக்காளி, வெண்டை ஆகியவை இவ்வகை. ஒரே மலரிலுள்ள பல சூலகங்கள் சேர்ந்து உருவாவது திரள்கனி. சீத்தாப்பழம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பூங்கொத்தின் மலர்கள் எல்லாம் கூடி ஒரே கனியாக மாறினால் அது கூட்டுக்கனி. பலாவும் அன்னாசியும் இவ்வகை. பலாப்பழத்தின் ஒவ்வொரு சுளையும் ஒவ்வொரு மலர் தந்தது. நாம் பிய்த்து எறியும் சடையோ, கருவுறாமற்போன மலர்கள்!

தனிக்கனிகளிலும் சதைக்கனி, உலர்கனி என இரு வகை உண்டு. மாங்கனியில் தோல் வெளியுறை. நாம் உண்ணும் சதை நடுவுறை. கொட்டையின் கெட்டி ஓடு உள்ளுறை. அதனுள் இருக்கும் பருப்பே விதை. தேங்காயில் நார் நடுவுறை, கொட்டாங்கச்சி உள்ளுறை. எருக்கு, இலவம், நெல் முதலியவை உலர்கனிகள்.

இத்தனை வகைகள் எதற்காக? மழைக்குப் பின் நம் பள்ளி மாமரத்தடியைப் பாருங்கள். விழுந்த கொட்டைகள் சில முளைத்திருக்கும். ஆனால் அவற்றுள் ஒன்றாவது மரமானதை நாம் கண்டதில்லை. தாய்மரத்தின் நிழல் வெயிலை மறைக்கிறது. அதன் வேர்கள் நீரை முந்தி உறிஞ்சிவிடுகின்றன. அதைத் தாக்கும் பூச்சியும் நோயும் இளங்கன்றையும் எளிதில் பற்றுகின்றன. தாயின் காலடியே பிள்ளைக்கு இடைஞ்சலாகிவிடுகிறது! ஆகவே விதை தூரம் போக வேண்டும். அதற்கு வழி செய்வதே கனியின் வேலை.

எருக்கும் இலவமும் பஞ்சின் துணையால் விதைகளைக் காற்றில் விடுகின்றன. தேங்காய் நாரின் உதவியால் நீரில் மிதந்து கரை சேர்கிறது. நாம் ஈரப்படுத்தி விளையாடும் பட்டாசுக்காய் ‘பட்’டென வெடித்து விதைகளைச் சிதறுகிறது. நாயுருவி நம் பாவாடையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வருகிறது. பழைய மதிலின் இடுக்கில் அரசங்கன்று நிற்கிறதே, அதை யார் நட்டார்? பறவையின் எச்சத்தோடு வந்த விதை அது.

விதை முற்றும்வரை கனி பச்சை நிறத்தில் இலைகளுக்கிடையே மறைந்திருக்கிறது, புளிக்கிறது, துவர்க்கிறது. “இப்போது தொடாதே” என்பதே அதன் பொருள். விதை முற்றியதும் நிறம் மாறி, மணம் வீசி, இனித்து, பறவையையும் அணிலையும் அழைக்கிறது. இனிப்பான சதை, விதையைச் சுமந்து செல்பவருக்குத் தரும் வண்டிக்கூலி. விதைக்குள் சேர்த்து வைத்த பருப்போ, முளைக்கும் கன்றுக்குத் தாய் கட்டித்தந்த கட்டுச்சோறு.

நாம் உண்ணும் வாழைப்பழத்திலோ விதை இல்லை. உள்ளே தெரியும் கரும்புள்ளிகள் விதையாகாத சூல்கள். அதனால் வாழை பக்கக்கன்றுகளால் தாயின் அடியிலேயே பெருகுகிறது. அக்கன்றையும் பெயர்த்து வேறிடத்தில் நட்டால்தான் புதுத் தோட்டம் உண்டாகும்.

தோழியரே! நம் பள்ளியில் பத்தாம் வகுப்பே இறுதி வகுப்பு. மேலே படிக்க நான் வெளியூர் விடுதியில் தங்க வேண்டும். “பெண் பிள்ளையை அத்தனை தூரம் எப்படி அனுப்புவது?” என்று அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஆண்டு மலரை அவர்கள் கட்டாயம் படிப்பார்கள். காய் முற்றும்வரை மரம் காம்பை இறுகப் பற்றியிருக்கிறது. கனிந்தபின் காம்பு நெகிழ்வது அன்பு குறைந்ததால் அன்று. வீட்டிலும் இப்பள்ளியிலும் எனக்குக் கட்டித்தந்த கட்டுச்சோறு நிறையவே இருக்கிறது, அப்பா. அது வழியில் தீர்ந்துபோகாது.

— பத்தாம் வகுப்பு மாணவி