உங்களுக்குத் தெரியுமா? பழைய கோப்புக்கு எட்டாத புது வசதி

மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2007 வந்தபோது எல்லோரும் பேசியது மேலே விரிந்த ரிப்பன் பட்டையைப் பற்றித்தான். அந்தப் பதிப்பின் பெரிய மாற்றம் உண்மையில் கோப்பு வடிவத்தில் நடந்தது. எக்செல் தாளில் அதுவரை 65,536 வரிசைகளே இருந்தன. புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் அவை 10,48,576 ஆயின. மென்பொருளைப் புதுப்பித்தாலே இது கிடைத்துவிடாதா என்று கேட்கலாம். கிடைக்காது. பழைய வடிவமான எக்ஸ்எல்எஸ் கோப்பாகவே சேமிக்கும்வரை பழைய எல்லைதான் செல்லும்.

இந்தப் பழைய எல்லைக்கு இங்கிலாந்து கொடுத்த விலை பெரிது. 2020-இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு கோவிட் பரிசோதனை முடிவுகளைப் பழைய வடிவக் கோப்புகளில் ஏற்றியது. இடம் நிரம்பியதும் மிஞ்சியவை விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை; தொற்றாளர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் தாமதமானது. அத்தனை பெரிய பட்டியலுக்கு எக்செல்லே பொருந்தாது, தரவுத்தளம்தான் வேண்டும் என்பார்கள். நியாயமான வாதம். ஆனால் பல அலுவலகங்களில் கைக்கு எட்டும் கருவி எக்செல்தான். அங்கே பழைய எக்ஸ்எல்எஸ் கோப்புகளையும் புதிய வடிவத்துக்கு மாற்றினால்தான் புதுப்பிப்பு முழுமையடையும்.