நம் எக்ஸ்-ரே படம் யாரிடம் இருக்கிறது?

மட்டாஞ்சேரியில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில், அலமாரியின் மேல்தட்டில் பெரியதொரு பழுப்பு உறை இருக்கும். பாட்டனாரின் நெஞ்சுப் படம், பாட்டியாரின் முழங்கால் படம் முதலியன அதனுள் அடங்கும். சொந்த ஊருக்குச் செல்லும்போது அவ்வுறையும் உடன் செல்லும். மருத்துவர் மாறினாலும் மாநிலம் மாறினாலும் சான்று நம் கையில் இருந்தது. அந்நிலை இன்று மாறி வருகின்றது.

ராண்ட்ஜன் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1895-இல் இக்கதிரைக் கண்டறிந்தார். அதன்பின் நெடுங்காலம் வெள்ளி உப்புப் பூசிய பிலிமே படத்தைத் தாங்கியது. இருட்டறையில் அதனைக் கரைசல்களில் இட்டு, கழுவி, உலர்த்த வேண்டும். 1983-இல் ஜப்பானின் பியூஜி நிறுவனம், மீண்டும் மீண்டும் பயன்படும் தகட்டையும் அதனைப் படிக்கும் பொறியையும் கொணர்ந்தது. பின்னர் வந்த டிஜிட்டல் பலகையோ சில நொடிகளில் படத்தைத் திரைக்கு அனுப்புகின்றது. இருட்டறை வேண்டா, தொலைவிலுள்ள வல்லுநரும் உடனே காணலாம். இவை பெரும் நன்மைகளே.

ஆயினும், படம் மருத்துவமனைக் கணிப்பொறியிலேயே தங்கிவிடுகின்றது. நமக்குக் கிட்டுவது சில வேளைகளில் அறிக்கைத் தாள் மட்டுமே. முன்னர் காசநோய் கண்டு குணமானவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் நெஞ்சில் தழும்பு நிற்கும். பழைய படம் இன்றேல், அது ஆறிய தழும்பா, புதிய நோயா என்று பிரித்தறிவது மருத்துவர்க்கு அரிது. வீண் அச்சமும் வீண் செலவும் வந்து சேரும்.

ஆகவே, ஒவ்வொரு முறையும் படத்தின் பிரதியைக் கேட்டுப் பெறுக. 'டைகாம்' என்னும் பொதுவடிவில் குறுந்தகட்டிலோ வேறு வகையிலோ பெறுதல் நன்று. கைப்பேசியால் திரையைப் பிடித்த படத்தில் நுண்ணிய நிழல்கள் மறைந்துவிடும். மருத்துவப் பதிவேடுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தருதல் வேண்டும் என்பது இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002-ஆம் ஆண்டு விதி. உள்நோயாளிகளின் பதிவேடுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்கவே அவ்விதி பணிக்கின்றது. அதன்பின் காப்பது நம் பொறுப்பு. 14 இலக்கம் கொண்ட 'ஆபா' எண்ணும் பெற்றுக்கொள்க. அத்திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளின் பதிவேடுகளை, நம் இசைவுடன், மாநில எல்லை கடந்தும் காண அது வழிசெய்யும்.

பழைய பிலிம்களை, அவற்றிலுள்ள வெள்ளிக்காக வாங்க வருவோரிடம் கொடுத்துவிடாதீர்கள். கொச்சியின் மழைக்கால ஈரத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இடையிடையே தாள் வைத்து, உலர்ந்த இடத்தில் நிறுத்தி வையுங்கள். மருத்துவரிடம் செல்லும் நாளில் மறவாது எடுத்துச் செல்லுங்கள்.