பழைய இரும்பில் ஒரு நெருப்புப் பொறி

இடம்பெயர்ந்து மர நிழலில் அடுப்பு மூட்டியவர்களுக்கு ஒரு நெருப்புக் குச்சியின் பெறுமதி தெரியும். 1990களில் பொருளாதாரத் தடை நிலவியபோது வடக்கில் மண்ணெண்ணெய்க்கு நாம் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. மாரியில் நெருப்புப் பெட்டி நனைந்தால் அன்று அடுப்பில்லை. நனைந்தாலும் துடைத்துவிட்டுப் பாவிக்கக்கூடியது, எமது முன்னோர் அறிந்திருந்த சக்கிமுக்கிக் கல்லும் உருக்கும்.

கல்லின் கூரிய விளிம்பு உருக்கிலிருந்து நுண்ணிய துகள்களைச் சீவுகிறது. அத்துகள்கள் சூடேறிக் காற்றில் எரிவதே பொறி. ஆகவே இரும்பைத் தெரிவுசெய்வதே முக்கியம். கரிச்சத்து அதிகமுள்ள, தோய்ச்சல் ஏற்ற உருக்கே பொறி தரும்.

எது உதவும்? தேய்ந்துபோன அரம் முதலிடம் பெறும். லொறியின் வில்லுத்தகடும் நல்லது. கட்டடக் கம்பி, ஆணி, வேலிக்கம்பி என்பன மெதுவானவை; உதவா. துருப்பிடிக்காத உருக்கையும் விட்டுவிடுங்கள். நாகம் பூசிய தகட்டைக் காய்ச்சினால் நச்சுப்புகை வரும்.

சோதிப்பது எப்படி? சாணைக்கல்லில் பிடித்துப் பாருங்கள். பொறிகள் கிளைவிட்டு நட்சத்திரம்போல் வெடித்தால் கரிச்சத்து உண்டு. தோய்ச்சல் ஏற்றிய பின் நல்ல அரத்தால் உராயுங்கள். அரம் கடிக்காமல் கண்ணாடியில்போல வழுக்கினால் அது தகுந்தது.

அரத்துண்டுக்கு உலை தேவையில்லை. தடித்த துணியில் சுற்றி மூன்று அங்குலத் துண்டாக உடைத்து, ஒரு பக்க விளிம்பின் பற்களைச் சாணையில் தேய்த்து அகற்றினால் போதும். சில்லுகள் தெறிக்கும், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். இடையிடையே தண்ணீரில் குளிரவையுங்கள். நிறம் நீலமானால் தோய்ச்சல் இறங்கிவிட்டது என்பது பொருள்.

வில்லுத்தகட்டைக் கம்மாலையில் கொடுத்து, கைப்பிடி வளைவுடன் அடிப்பிக்கலாம். செந்நிறமாகிக் காந்தம் ஒட்டாத நிலை வந்ததும் எண்ணெயில் தோய்க்க வேண்டும். அரம் இன்னும் கடித்தால், மீண்டும் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கலாம்.

கல்லுக்கு, உடைத்த வெண்கல்லின் கூர் விளிம்பு போதும். பொறியை ஏந்தப் பருத்தித் துணி வேண்டும். சிறு துளையிட்ட தகரப் பேணியில் துணியை மூடி நெருப்பில் வையுங்கள். துளையில் புகை நின்றதும் எடுத்து, ஆறிய பின்னரே திறவுங்கள். நைலோன் கலந்த துணி உருகிவிடும். கருகிய துணியில் பொறி விழுந்து கனன்றதும், உலர்ந்த தென்னந்தும்பில் பொதிந்து மெல்ல ஊதுங்கள்.

ஒரு வார்த்தை. பொறி தேடிப் போய் உயிரை விட்டுவிடாதீர்கள். முகமாலை போன்ற, போர் நடந்த நிலங்களில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன. கைவிடப்பட்ட காணி, பதுங்குகுழி, பற்றை எதிலும் இரும்பு பொறுக்க வேண்டாம். பிள்ளைகளையும் அனுப்ப வேண்டாம். இன்னதென்று தெரியாத இரும்பைத் தொடாதீர்கள், தட்டாதீர்கள், உலையில் இடாதீர்கள். வண்டியிலிருந்து கழற்றியதென்றாலும், இருபுறமும் மூடிய குழாய் சூட்டில் வெடிக்கலாம். தெரிந்த கராச்சிலோ கம்மாலையிலோ கேட்டு வாங்கிய துண்டே போதும்.

முற்காலத்தில் பெரிய சனி இரவுக்கான புதுத் தீயைக் கல்லிலிருந்து தட்டியெடுப்பது திருச்சபையின் வழக்கமாயிருந்தது. இருளில் தோன்றும் அச்சிறு பொறியிலிருந்தே பாஸ்காத் திரி ஏற்றப்பட்டது. எமது அடுப்புக்கும் ஒரு பொறி போதும்; அதை ஏந்தும் கைகள் முழுமையாய் இருக்கட்டும்.