ஒரு புள்ளியால் படகு வழி தவறும்!

கடப்பாக்கம் கடலில் மைல்கல் கிடையாது. இடத்தைச் சொல்ல அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்தான் உண்டு. படகில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவி அந்த எண்களைக் காட்டும். மீன் கிடைக்கக்கூடிய இடங்களை ஐதராபாத்தில் உள்ள ‘இன்காய்ஸ்’ என்ற மத்திய அரசு நிலையமும் இந்த எண்களைக் கொண்டுதான் அறிவிக்கிறது.

இதில் ஒரு புள்ளி செய்யும் வேலையைப் பாருங்கள்!

ஒரு குறிப்பில் “12.25 வடக்கு” என்று எழுதியிருக்கிறது. பன்னிரண்டேகால் டிகிரி என்று ஒருவர் படிப்பார். 12 டிகிரி 25 நிமிடம் என்று இன்னொருவர் படிப்பார். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். ஆகவே பன்னிரண்டேகால் டிகிரி என்றால் 12 டிகிரி 15 நிமிடம்தான். வித்தியாசம் 10 நிமிடம். கடலில் அது பதினெட்டரை கிலோ மீட்டர்! மீன் தேடிப் போனவருக்கு டீசல் நஷ்டம். தத்தளிக்கும் படகைத் தேடிப் போனால்? உயிர் நஷ்டம்.

கருவியின் மேல் குற்றம் இல்லை. எழுதியவர் புள்ளி வைத்தார். அது எந்தப் புள்ளி என்று சொல்லவில்லை.

சரி பார்ப்பவர் வேலை

கருவிகளுக்கும் கம்ப்யூட்டர் மென்பொருளுக்கும் விளக்கப் புத்தகம் உண்டு. அதை அச்சுக்கு முன் ஒருவர் சரி பார்ப்பார். எழுத்துப்பிழை பார்த்தால் மட்டும் போதாது. “12° 15′” என்று டிகிரிக்குச் சிறு வட்டமும் நிமிடத்துக்குச் சிறு கோடும் போடச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குக்கூடப் புள்ளி வைக்காமல் எழுதினார்கள். படித்தவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். எந்திரத்துக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது?

‘வி.ஐ.’ என்று ஒரு பழைய மென்பொருள். அதில் ‘டி’ எழுத்தை இரண்டு முறை தட்டினால் ஒரு வரி அழியும். புள்ளியைத் தட்டினால், கடைசியாகச் செய்ததையே மறுபடி செய்யும். அமெரிக்க அச்சகங்களில் முற்றுப்புள்ளியை மேற்கோள் குறிக்கு உள்ளே வைப்பது வழக்கம். விளக்கப் புத்தகத்திலும் அப்படியே வைத்தால், படிப்பவர் புள்ளியையும் சேர்த்துத் தட்டுவார். இரண்டு வரி காணாமல் போகும்!

ராக்கெட்டும் போயிற்று

1962 ஜூலை 22-ந்தேதி வெள்ளி கிரகத்தை நோக்கி ‘மரினர்-1’ விண்கலத்தை அமெரிக்கா ஏவியது. வழி காட்டும் கணக்கை எழுதியபோது, ஓர் எழுத்தின் தலைமேல் இருக்க வேண்டிய சிறு கோடு விட்டுப்போயிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டருக்கும் அப்படியே போயிற்று. கருவி ஒன்றும் கோளாறாகவே, ராக்கெட் தாறுமாறாகத் திரும்பியது. 293-வது வினாடியில் அதிகாரிகளே அதை வெடிக்கச் செய்தார்கள்.

பிழை திருத்தப்பட்டது. ஆகஸ்டு 27-ந்தேதி ‘மரினர்-2’ புறப்பட்டது. டிசம்பரில் வெள்ளியின் அருகே போய்ச் சேர்ந்தது.