கருக்கலைப்பு மாத்திரையின் உண்மையான விலை

ஒரு மாத்திரையின் விலையை எது தீர்மானிக்கிறது? அதிலுள்ள மருந்தா, அதை வாங்கும் முறையா? கருக்கலைப்பு மாத்திரையைக் கொண்டு இதை ஆராய்வோம்.

கரு வளர, புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் தேவை. பூட்டில் சாவி பொருந்துவதுபோல் அது கருப்பையின் ஏற்பிகளில் பொருந்தி, உட்சவ்வைக் காக்கிறது. மிஃபெப்ரிஸ்டோன் இதே பூட்டில் நுழையும், ஆனால் திறக்காது. உண்மைச் சாவிக்கு இடமின்றிப் போகிறது. ஓரிரு நாள் கழித்துத் தரப்படும் மிசோப்ரோஸ்டால், கருப்பையைச் சுருங்கச் செய்து கருவை வெளியேற்றுகிறது. முதல் 9 வாரங்களுக்குள் இம்முறை நூற்றுக்கு 95 பேருக்கு மேல் பலன் தருகிறது. ஆயினும் கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் இது பயன்படாது, உயிருக்கே ஆபத்து. ஆகவே மருத்துவரின் பரிசோதனை கட்டாயம்.

கருக்கலைப்புக்கு நம் நாட்டில் 1971-லேயே சட்டம் வந்துவிட்டது. மிஃபெப்ரிஸ்டோனுக்கு 2002-ல் ஒப்புதல் கிடைத்தது. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்துத் தேவையில்லை.

இனி விலைக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் 2013-ல் இம்மருந்து அரசு மானியப் பட்டியலில் சேர்ந்தது. விலையின் பெரும்பகுதியை அரசே ஏற்றது. தமிழ்நாட்டின் வழி வேறு. 1994-ல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகிறது. வணிகப் பெயருக்கு அங்கே மதிப்பில்லை; மருந்தின் பொதுப்பெயரே கணக்கு. தரம் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு, மாவட்டக் கிடங்குகள் வழியே மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. நோயாளிக்கு மருந்து இலவசம்.

அப்படியானால் செலவே இல்லையா? தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலையில் வாழும் ஒரு கூலித் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அருகில் மாத்திரையோ, பயிற்சி பெற்ற மருத்துவரோ இல்லையென்றால், அவர் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர வேண்டும். பஸ் கட்டணம், இழந்த கூலி, துணைக்கு வருபவரின் கூலி, மறுபரிசோதனைக்கு இன்னொரு பயணம்: இவையே மாத்திரையின் உண்மையான விலை. நாள் தள்ளினால் 9 வாரமும் கடந்துவிடும்.

இன்னொரு தடையும் உண்டு. பெண் கருவை அழிக்கும் கொடுமைக்குப் பேர்போன மாவட்டம் இது. அதனால் இம்மாத்திரை மீதே சந்தேகம் விழுகிறது. அறிவியல் என்ன சொல்கிறது? 9 வாரக் கருவில் ஆண், பெண் இரண்டின் வெளியுறுப்பும் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்கேன் கருவிக்கு வேறுபாடு தெரியாது. பாலினம் அறிவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதைக் கண்டிப்புடன் நிறைவேற்ற வேண்டும். அதற்காக, சட்டம் அனுமதிக்கும் மாத்திரையை மறைத்து வைப்பதில் பொருளில்லை. மறைத்தால் அப்பெண் போலி மருத்துவரிடம்தான் போவார்.

அரசு மானியம் கிடங்கோடு நின்றுவிடக் கூடாது. மாத்திரையும் அதை முறையாகத் தரும் மருத்துவரும் அடுத்த பஸ் நிறுத்தத்தில் கிடைக்கும்போதுதான் அது இலவச மருந்து.