ஊசி மருந்தும் மூன்று வாரத் தாமதமும்

நீரில் எளிதிற் கரையாத மருந்துகள் வைத்தியர்களுக்கு நெடுங்காலமாகத் தொல்லை கொடுத்து வருபவை. வாய்வழியே கொடுத்தால், அவற்றுள் பலவற்றில் ஒரு பகுதி கரையாமலே உடலைவிட்டு நீங்கிவிடும். ஆயினும் இக்கரையாமையே சில வேளைகளில் அனுகூலமாகவும் முடிகிறது. அத்தகைய மருந்தை ஒரு பாலிமரின் நுண்ணிய மணிகளில் அடைத்துத் தசையிற் செலுத்தினால், அது பல வாரங்கள் அங்கேயே தங்கிச் சிறிது சிறிதாக வெளிப்படும். மனநோய்க்குரிய ரிஸ்பெரிடோன் இதற்குத் தக்க உதாரணம். இரு வாரத்திற்கொரு முறை போடப்படும் இதன் ஊசி மருந்து அமெரிக்காவில் 2003-இல் அனுமதி பெற்றது.

இம்மணிகள் லாக்டிக் அமிலம், கிளைகாலிக் அமிலம் என்னும் இரண்டின் அலகுகள் சங்கிலியாக இணைந்து உண்டானவை. முன்னது தயிரின் புளிப்பிற்குக் காரணமான அமிலமே. உடலிலுள்ள நீர் இச்சங்கிலியைக் கணுக்கணுவாக வெட்டுகிறது. லாக்டிக் அலகில் மெதில் தொகுதி ஒன்று மிகுதியாக உண்டு; நீரை அணுகவிடாது தடுப்பது அதுவே. ஆகவே இரு அலகுகளும் சமபங்காயிருப்பின் பாலிமர் விரைவில் சிதையும். லாக்டிக் அலகு மிக மிகச் சிதைவு தாமதமாகும். மேற்கூறிய மருந்தில் அவ்விகிதம் 75-க்கு 25 ஆகும். சங்கிலியின் நீளமும், அதன் நுனியில் அமிலத் தொகுதி மூடப்படாமல் இருக்கிறதா என்பதும்கூட வேகத்தை மாற்றும்.

களப் பணியாளர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இங்கேதான் உள்ளது. ஊசி போட்டவுடன் மணிகளின் மேற்பரப்பிலுள்ள மருந்து மட்டுமே, நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவாக, வெளிவருகிறது. பின்னர் சுமார் மூன்று வாரம் ஏறக்குறைய ஒன்றுமேயில்லை. நீர் உட்புகுந்து சங்கிலிகளை வெட்டிக்கொண்டிருந்தாலும், துண்டுகள் கரைந்து வெளியேறும் அளவிற்குச் சிறுத்திராமையே காரணம். அதன் பின்னரே மருந்து பெருமளவில் வெளிப்பட்டு, ஆறாம் வாரம் வரை நீடித்து, ஏழாம் வாரத்திற்குள் அடங்குகிறது. எனவே முதல் ஊசிக்குப் பின் மூன்று வாரம் மாத்திரையைத் தொடர்ந்தே ஆகவேண்டும். “ஊசிதான் போட்டாயிற்றே” என்று வீட்டார் மாத்திரையை நிறுத்திவிட்டால், நோய் திரும்புவதற்கு அதுவே வழியாகும். ஊசி ஒன்று தவறினாலும் அதன் விளைவு அன்றே தெரியாது. சில வாரங்கள் கழித்தே தலைகாட்டும்.

2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வேறொரு தயாரிப்பில் இதே இனப் பாலிமர் திரவத்திற் கரைக்கப்பட்டுத் தோலின் கீழ் செலுத்தப்படுகிறது. அங்கே அது இறுகித் திரளாகிறது. மாதமொருமுறை போடப்படும் இதற்குத் தொடக்க மாத்திரை தேவையில்லை. மருந்தின் பெயர் ஒன்றாயினும் முறை வேறாதலால், நோயாளிக்குப் போடப்பட்டது எந்தத் தயாரிப்பு என்பதைச் சீட்டில் தெளிவாகக் குறித்துவைப்பது அவசியம்.