பூச்சூடாத பகை

பண்டைத் தமிழர் போரைப் பூவால் அடையாளங் கண்டனர். ஆநிரை கவர்வோர் வெட்சி சூடினர். மீட்போர் கரந்தை சூடினர். பிறர் நாட்டின்மேற் செல்வோர்க்கு வஞ்சி; எதிர்நின்று தடுப்போர்க்குக் காஞ்சி. மதிலை வளைப்போர்க்கு உழிஞை. உள்ளிருந்து காப்போர்க்கு நொச்சி. களங்குறித்துப் பொருவோர்க்குத் தும்பை, வென்றோர்க்கு வாகை. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையை மாணவர்க்குக் கற்பிக்குந்தோறும் இவ்வொழுங்கை வியந்திருக்கின்றேன். பகைவன் யாவன், அவன் கருத்து யாது என்பதைச் சூடிய பூவே சொல்லிவிடும்.

எங்கள் சிலாபக் கரைக்கு முன்னாளில் வந்த பகையும் அடையாளத்தோடுதான் வந்தது. 1578 ஆம் ஆண்டில் முன்னேசுவரத் திருக்கோயிலை இடித்த போர்த்துக்கேயர் கொடியும் படைக்கலமுமாக வந்தனர். ஆனால், இந்நூற்றாண்டில் இந்நாட்டை வருத்திய கேடுகள் பலவற்றுக்குக் கொடியுமில்லை, பூவுமில்லை. இத்தகைய பகைக்கு நாட்டின் படைகள் எங்ஙனம் ஆயத்தமாதல் வேண்டும்? நடந்தவற்றை வரிசைப்படுத்தி நோக்கின் விடை தானே புலப்படும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலை சுமாத்திராவுக்கு அண்மையில் கடலடி நிலம் நடுங்கிற்று. அலை இலங்கையின் கீழ்க்கரையை வந்தடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரஞ் சென்றது. அந்நேரத்துள் ஓர் எச்சரிக்கை வந்திருப்பின் எத்துணை உயிர்கள் பிழைத்திருக்கும்! முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். காலியிலிருந்த கடற்படைத் தளமும் தப்பவில்லை. காவல் செய்ய நின்றோரையே கடல் தாக்கிற்று. இங்கே அறிவு வந்துசேர வழியில்லாதிருந்தது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எமக்குத் தெற்கே நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியிலுள்ள புனித செபஸ்தியார் ஆலயத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் குண்டுக்கு இரையாயினர். நாடெங்கும் மாண்டோர் 260க்கு மேற்பட்டோர். இத்தாக்குதல் பற்றிய முன்னறிவித்தல் ஏப்ரல் 4 ஆம் திகதியே இந்தியாவிலிருந்து கிடைத்திருந்தது. கடமை தவறியோர் இழப்பீடு செலுத்த வேண்டுமென்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றந் தீர்ப்பளித்தது. இங்கே அறிவு வந்தது, பயன்படாது கிடந்தது.

2021 மே 20 ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பலில் தீப் பற்றியது. 1,486 கொள்கலன்கள், அவற்றுள் 25 தொன் நைத்திரிக் அமிலம். அமிலம் ஒழுகுவது கப்பலில் உள்ளோர்க்கு நாட்கள் பலவற்றுக்கு முன்னரே தெரியும். கட்டார் நாட்டுத் துறைமுகமொன்றிலும் இந்தியாவின் ஹசீராவிலும் அக்கொள்கலனை இறக்க முயன்று, முடியாமற்றான் கப்பல் இப்பக்கம் வந்தது. 1,600 தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் மணிகள் சிந்தி மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. பாதுகாப்பு உடையணிந்த படையினர் துப்பாக்கி ஏந்தவேண்டிய கையால் மணலைச் சலித்தனர். மீனவர் வலைகள் காய்ந்தன. மீனை வாங்க மக்கள் அஞ்சினர். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு விதித்தது. இங்கே அறிவு உரிய வேளையில் உரியோர்க்குச் சொல்லப்படவில்லை.

இனி, எங்கள் ஊரிலேயே நிகழ்ந்ததைக் கூறுதல் வேண்டும். 2019 மே 12 ஆம் திகதி, அதிகஞ் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்னுங் கருத்துப்பட, சிலாபத்து இஸ்லாமிய வணிகர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்திற் சில சொற்களை எழுதினார். அறிவுரையெனவும் கொள்ளலாம், அச்சுறுத்தலெனவும் கொள்ளலாம். குண்டுவெடிப்பின் துயரம் ஆறாத கூட்டமொன்று பின்னதையே கொண்டது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. ஊரடங்குச் சட்டம் பிறந்தது. கலவரம் பிற ஊர்களுக்கும் பரவியது. மறுநாள் இம்மாவட்டத்திலேயே ஒருவர் கொல்லப்பட்டார். படையினர் தெருவில் நின்றனர். சமூக வலைத்தளங்களை அரசாங்கம் சிலநாள் தடை செய்தது. ஆயினும் மனத்துட் புகுந்த பொய்ப் பொருளை எந்தத் துப்பாக்கி சுடும்? இங்கே அறிவே திரிந்து படைக்கலமாயிற்று.

தொல்காப்பியர் செய்யுளுறுப்புகளைத் தொகுக்குமிடத்துக் கூற்று, கேட்போர், களன், காலம் என்பவற்றையும் எண்ணுகின்றார். சொல்பவர் யாவர், யாரை நோக்கி, எவ்விடத்து, எப்பொழுது என்று ஆராய்ந்தே ஒரு கூற்றுக்குப் பொருள் கொள்ளல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். அன்று எம்மூரில் இந்நான்கையும் ஒருவர் நிதானமாக ஆராய்ந்திருப்பின் ஓருயிர் தப்பியிருக்கும். இலக்கணம் ஏட்டுக்கு மட்டுமுரியதன்று. ஊர்க் காவலுக்கும் உரியது.

படைகள் வாளா இருக்கவில்லை. சுனாமியின் பின் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. 2009 இன் 41 ஆம் இலக்கச் சட்டத்தாற் கடலோரக் காவல் திணைக்களம் தோன்றியது. 2011 தொடக்கம் இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளும் இந்து சமுத்திரத்துக்குச் சுனாமி எச்சரிக்கை வழங்கி வருகின்றன. இரசாயன, உயிரியல், கதிரியக்க ஆபத்துகளை எதிர்கொள்ளும் பயிற்சியும் படையினர்க்கு அளிக்கப்படுகின்றது. 2025 நவம்பரில் டித்வாப் புயலால் இந்நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, படகிலும் உலங்கு வானூர்தியிலுஞ் சென்று படையினர் பலரை மீட்டனர். அவ்வீரத்தைப் போற்றுவோம்.

எனினும், மீட்பு வேறு, முன்னறிதல் வேறு. திருக்குறளில் ஒற்றாடல் 59 ஆம் அதிகாரம், அரண் 75, படைமாட்சி 77. அறிதல் முன்னும் அடித்தல் பின்னுமாக வள்ளுவர் வைத்த இம்முறையை நான் தற்செயலென்று கருதவில்லை. ஈண்டு யான் காட்டிய நான்கு கேடுகளிலும் படை குறைந்ததன்று. அறிவு செல்லும் வழியே குறைந்தது.

ஆதலால், கருவிகளோடு வேறு மூன்றும் வேண்டும். நீரின் நிறமும் காற்றின் போக்கும் மாறுவதை முதலிற் காண்பவன் மீனவன். அவன் சொல் கடற்படைக்கு அன்றே எட்டுதல் வேண்டும். எச்சரிக்கை தமிழிலும் சிங்களத்திலும் ஒரே கணத்திற் கரையை அடைதல் வேண்டும். கரையோரக் காவல் நிலையந்தோறும், முகாந்தோறும் மும்மொழியும் அறிந்து, ஒரு சொல்லின் பொருளை ஆராய்ந்து கூறவல்லார் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். இம்மூன்றுக்கும் ஆகுஞ் செலவு ஒரு போர்க்கப்பலின் விலைக்கு அருகிலும் வாராது. மூன்றாவதற்கு ஆள் ஆக்கித் தருவது எம்போன்ற ஆசிரியரின் கடன். அவர்களை அமர்த்துவது அரசின் கடன்.